பொரிக்கும் எண்ணெய்க்கு லிட்டர் விலை மட்டும் கணக்கல்ல

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சிக்கனமாகப் பொரிக்க எந்த எண்ணெய் ஏற்றது என்று தங்கள் நாளிதழின் குடும்பப் பக்கத்தில் வந்த குறிப்பைப் படித்தேன். புகை நிலை, அதாவது எண்ணெய் புகையத் தொடங்கும் சூடு, உயர்ந்த எண்ணெய்களை வரிசையாகப் போட்டு, அவற்றில் லிட்டர் விலை எது குறைவோ அதை வாங்குங்கள் என்று முடித்திருந்தார்கள். பொரித்த தின்பண்டம் செய்து கடைகளுக்குப் போடுவது என் தொழில். பொழுது விடிந்தால் எண்ணெய்ச் சட்டியின் முன்னால்தான் நிற்கிறேன். அந்தக் குறிப்பை நம்பி வாங்குகிறவர்களுக்குக் காசும் மிஞ்சாது, உடம்புக்கும் நல்லதில்லை என்பதால் இதை எழுதுகிறேன்.

முதலில் இந்தப் புகை நிலை விஷயம். நாம் பொரிப்பது ஏறக்குறைய 170 முதல் 180 டிகிரி செல்சியஸ் சூட்டில். சுத்திகரித்து வரும் சூரியகாந்தி, சோயா, கடலை, தவிட்டு எண்ணெய், பாமோலின் எல்லாமே புதிதாக இருக்கும்போது 220 டிகிரியைத் தாண்டித்தான் புகையும். எல்லாரும் தேறிவிட்ட தேர்வில் யார் எத்தனை மதிப்பெண் என்று பார்த்து என்ன ஆகப்போகிறது? சுத்திகரிக்காத எண்ணெயை ஒதுக்குவதற்கு வேண்டுமானால் அந்த எண் உதவும். சுத்திகரிக்காத சூரியகாந்தி எண்ணெய் 100 டிகிரியைத் தாண்டிய கொஞ்ச நேரத்திலேயே புகையத் தொடங்கிவிடும். செக்கில் ஆட்டிய எண்ணெயின் மணம் எனக்கும் உயிர்தான். அதைத் தாளிப்பில் அனுபவிக்க வேண்டும். பொரிக்கும் சட்டியில் அந்த மணம் நிற்காது; கொடுத்த கூடுதல் விலை ஆவியாகத்தான் போகும்.

இன்னொன்றையும் குறிப்பில் சொல்லாமல் விட்டுவிட்டார்கள். அட்டவணையில் இருக்கும் எண் புது எண்ணெய்க்கு மட்டுமே பொருந்தும். பொரிக்கும் பொருளிலிருந்து வெளியேறும் ஈரம் கொழுப்பை உடைத்துக் கொழுப்பு அமிலங்களைப் பிரித்துவிடுகிறது. அவை சேரச் சேரப் புகை நிலை இறங்கிக்கொண்டே வரும். வாங்கியபோது 230 டிகிரியைத் தாங்கிய எண்ணெய், பல ஈடு பொரித்த பிறகு பொரிக்கும் சூட்டிலேயே புகையும். ஆகவே முதல் நாள் எத்தனை டிகிரியைத் தாங்கும் என்பதைவிட, எத்தனை ஈட்டுக்குக் கெடாமல் நிற்கும் என்பதுதான் சிக்கனம் பார்க்கிறவர்கள் கேட்க வேண்டிய கேள்வி.

அதைத் தீர்மானிப்பது எண்ணெயில் எந்த வகைக் கொழுப்பு எவ்வளவு இருக்கிறது என்பதே. கொழுப்பில் நிறைவுற்றது, ஒற்றை நிறைவுறாதது, பல்நிறைவுறாதது என்று மூன்று வகை உண்டு. பல்நிறைவுறாக் கொழுப்பு மிகுந்த எண்ணெயைச் சூட்டில் காற்று சீக்கிரம் பிடித்துக்கொள்ளும். அந்த வகையில் முக்கியமானது லினோலியிக் அமிலம். ஒற்றை நிறைவுறா வகையான ஒலியிக் அமிலத்தைவிட இது சுமார் பத்து மடங்கு வேகமாகக் காற்றோடு சேர்ந்து கெடுகிறது. வழக்கமான சூரியகாந்தி எண்ணெயிலும் சோயா எண்ணெயிலும் பாதிக்கு மேல் லினோலியிக் அமிலம்தான். சோயாவில் அதையும்விட விரைவாகக் கெடும் லினோலெனிக் அமிலமும் கொஞ்சம் உண்டு. கடலை எண்ணெயிலும் தவிட்டு எண்ணெயிலும் லினோலியிக் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு. பாமோலினில் பத்தில் ஒரு பங்குக்குச் சற்று மேல்.

இதைச் சோதனைக்கூடத்தில்தான் பார்க்க வேண்டும் என்பதில்லை. வாணலியின் உள்பக்கம், எண்ணெய் மட்டத்துக்கு ஒரு விரற்கடை மேலே பாருங்கள். மஞ்சளாக ஒரு கறை படியும். முதலில் விரலில் ஒட்டும் பிசினாக இருக்கும், பிறகு அரக்குப்போல் இறுகி, தேய்த்தாலும் போகாது. கெட்ட எண்ணெயின் மூலக்கூறுகள் ஒன்றோடொன்று பிணைந்து உண்டாவது அது. சூரியகாந்தி எண்ணெயிலோ சோயா எண்ணெயிலோ தொடர்ந்து பொரித்தால் இந்தப் பிசின் விரைவில் பிடிக்கும். பாமோலினில் வெகு மெதுவாகத்தான் படியும். பாத்திரத்தில் படிவது அங்கேயே நிற்கிறது. எண்ணெயில் கலந்திருப்பது நாம் தின்பதோடு உள்ளே போகிறது.

அப்படியென்றால் எல்லாரும் பாமோலின் வாங்கிவிடலாமா? மலிவு, உழைப்பு இரண்டிலும் அதற்கு நிகர் குறைவுதான். ஆனால் அதில் நிறைவுற்ற கொழுப்பு 45 சதவீதம் அளவுக்கு இருக்கிறது. அது இரத்தத்தில் கெட்ட கொலஸ்ட்ராலை ஏற்றும் வகை. அதை மட்டுமே வாங்க முடிகிற குடும்பத்தை நான் பயமுறுத்தமாட்டேன். பலமுறை காய்ந்து கறுத்த சூரியகாந்தி எண்ணெயைவிடப் புதுப் பாமோலினில் பொரிப்பது எவ்வளவோ மேல். பொரிப்பதை எப்போதாவது என்று வைத்துக்கொண்டால் போதும். நான் என் சட்டிக்கும் வீட்டுக்கும் கடலை எண்ணெய், தவிட்டு எண்ணெய் இரண்டில் அந்தந்த நேரத்தில் எது விலை இறங்கியிருக்கிறதோ அதை வாங்குகிறேன். இரண்டுமே நடுவழி, சூட்டையும் ஓரளவு தாங்கும், நிறைவுற்ற கொழுப்பும் ஐந்தில் ஒரு பங்கு அளவில் நின்றுவிடும். ஒலியிக் அமிலம் மிகுந்த சூரியகாந்தி என்று தனி ரகம் ஒன்றும் விற்கிறது. பொரிக்க மிக நல்லது. விலை கட்டுப்படியானால் வாங்கலாம்.

தேங்காய் எண்ணெய் சூட்டில் எளிதில் கெடாது. ஆனால் கிட்டத்தட்ட 90 சதவீதம் நிறைவுற்ற கொழுப்பு. மேலும் அதை வேறு எண்ணெயோடு கலந்து பொரித்தால் நுரை பொங்கி அடுப்பு வரை வழியும். மிச்சம் மீதியை ஒன்றாக ஊற்றிக் காய்ச்சும் பழக்கம் உள்ளவர்கள் இதை நினைவில் வைக்க வேண்டும். வனஸ்பதி எதில் வருகிறதோ அதைத் தொடாதீர்கள். வனஸ்பதிக்காக எண்ணெயைப் பாதி இறுக்கும்போது உண்டாகும் டிரான்ஸ் கொழுப்பு இதயத்துக்குப் பகை. தொழிற்சாலைகளில் உருவாகும் டிரான்ஸ் கொழுப்பை 2023க்குள் உலக உணவிலிருந்தே நீக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2018இல் அறைகூவல் விடுத்தது.

இனி காசுக் கணக்கு. எனக்கும் வீட்டில் சமைப்பவர்களுக்கும் இந்தக் கணக்கு வேறு. என் சட்டியில் பண்டம் குடித்துக் குறைவதற்கு ஈடாக நாள்தோறும் புது எண்ணெய் சேர்ந்துகொண்டே இருக்கிறது. வீட்டில் அப்படியில்லை. ஒரு கிண்ணம் உருளைக்கிழங்கு வறுக்க அகன்ற வாணலியில் அரை லிட்டர் ஊற்றுகிறார்கள். கிழங்கு குடிப்பது கொஞ்சம்தான், மிச்சம்தான் செலவு. அந்த மிச்சத்தை வீணாக்க மனம் வராமல் வாரக்கணக்கில் வைத்துத் திரும்பத் திரும்பக் காய்ச்சுகிறார்கள். இதற்கு மருந்து எண்ணெயின் பெயரில் இல்லை, பாத்திரத்தில் இருக்கிறது. வாய் குறுகிய, ஆழமான சின்னப் பாத்திரத்தில் கொஞ்சம் கொஞ்சமாகப் பொரியுங்கள். எண்ணெயும் குறைவாகப் போதும், காற்றுப் படும் பரப்பும் குறையும். செம்பு, பித்தளைப் பாத்திரம் வேண்டாம். செம்பு எண்ணெயைக் காற வைப்பதில் முன்னால் நிற்கும். எவர்சில்வர் போதும்.

பண்டம் எண்ணெய் குடிப்பதிலும் மிச்சம் பிடிக்கலாம். பொரியும் நேரத்தில் உள்ளிருந்து நீராவி வெளியே தள்ளிக்கொண்டிருப்பதால் எண்ணெய் அதிகம் உள்ளே போக முடியாது. வெளியே எடுத்த அடுத்த கணம் ஆவி அடங்கி, மேலே ஒட்டியிருக்கும் எண்ணெயைப் பண்டம் உறிஞ்சத் தொடங்கும். அதனால் கரண்டியில் எடுத்ததும் சட்டிக்கு மேலேயே நன்றாக உதறிவிட வேண்டும். தட்டில் கொட்டிய பிறகு ஒற்றுவது காலம் கடந்த வேலை. சூடு போதாமல் பொரித்தாலும் எண்ணெய் குடிக்கும். அதற்காக அளவு மீறிக் காயவிடவும் கூடாது. உருளைக்கிழங்கு போன்ற மாவுப் பண்டங்கள் கருகச் சிவந்தால் அக்ரிலமைடு என்ற வேண்டாத பொருள் உண்டாகிறது என்று 2002இல் ஸ்வீடன் நாட்டு ஆய்வாளர்கள் எடுத்துக்காட்டினார்கள். பொன்னிறம் வந்ததும் எடுத்துவிடுங்கள். உப்பைப் பொரித்த பிறகு தூவுங்கள். அடியில் தங்கும் தூள் அடுத்த ஈட்டில் கருகும், ஆகவே அவ்வப்போது அரித்தெடுங்கள். ஆறியதும் மெல்லிய துணியில் வடிகட்டி, வெளிச்சம் படாமல் மூடி வைத்தால் இன்னொரு முறைக்கு உதவும்.

எப்போது கொட்டுவது? பல நாடுகளில் உணவகங்களுக்கு அளவுகோல் இருக்கிறது. எண்ணெய் சிதைந்து உண்டாகும் துருவச் சேர்மங்கள் 24 முதல் 27 சதவீதத்தைத் தொட்டால் எண்ணெயை மாற்றியாக வேண்டும். வீட்டில் கண்ணும் மூக்கும் போதும். நல்ல எண்ணெயில் பண்டத்தைப் போட்டால் பெரிய குமிழிகள் எழுந்து உடனே உடையும். கெட்ட எண்ணெயில் குமிழிகள் பொடிப்பொடியாகி, நுரையாகத் திரண்டு, பண்டத்தை எடுத்த பிறகும் அடங்காமல் நிற்கும். அதைக் கண்டால், அல்லது காறல் வாடை அடித்தால், அல்லது எண்ணெய் கரண்டியிலிருந்து பாகுபோல் வடிந்தால், தயங்காமல் கழித்துவிடுங்கள். நிறத்தை மட்டும் பார்த்து முடிவு செய்ய வேண்டாம். கழிப்பதைச் சாக்கடையில் ஊற்றினால் குழாய் அடைத்துக்கொள்ளும். பயன்படுத்திய எண்ணெயைச் சேகரித்து பயோடீசல் செய்கிறவர்கள் இருந்தால் அவர்களிடம் கொடுக்கலாம்.

விலை ஒப்பிடும்போது ஒரு லிட்டர் எண்ணெய் ஒரு கிலோ ஆகாது என்பதையும் கவனிக்க வேண்டும். 910, 920 கிராம்தான் வரும். லிட்டர் பாக்கெட்டையும் கிலோ டப்பாவையும் பக்கத்தில் வைத்து மலிவு பேசக்கூடாது. ‘கொலஸ்ட்ரால் இல்லாதது’ என்று பெரிய எழுத்தில் போட்டிருப்பதற்காக ஒரு காசும் கூடுதலாகக் கொடுக்க வேண்டாம். தாவர எண்ணெய் எதிலும் கொலஸ்ட்ரால் சொல்லும்படி இருப்பதில்லை.

ஆசிரியர் அவர்களிடம் என் வேண்டுகோள் இது. அடுத்த முறை எண்ணெய் அட்டவணை வெளியிடும்போது புகை நிலையை எடுத்துவிட்டு, நூறு கிராமில் நிறைவுற்ற, ஒற்றை நிறைவுறா, பல்நிறைவுறாக் கொழுப்புகள் எவ்வளவு என்று மூன்று எண்களைப் போடுங்கள். பல பாக்கெட்டுகளின் பின்புறத்தில் அவை பொடி எழுத்தில் இருக்கின்றன. பொரிக்க வாங்குகிறவர்கள் மூன்றாவது எண் குறைந்ததையும், அதிலும் முதல் எண் மிகையாகாததையும் தேடட்டும். எண்ணெய் விளம்பரங்களிலும் இந்த மூன்று எண்கள் கண்ணில் படும் அளவுக்கு இருக்க வேண்டும் என்று தாங்கள் கேட்டால், கேட்க வேண்டியவர்கள் காதில் விழும்.

இப்படிக்கு,
தின்பண்டத் தொழில் செய்யும் ஒரு வாசகி