குளத்துக்கு வந்த களைமருந்து

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மன்னார்குடிக்குக் கிழக்கே, கடைமடைப் பகுதியில் ஒன்பது மா (சுமார் மூன்று ஏக்கர்) நெல் சாகுபடி செய்கிறேன். போன சம்பாவில் எங்கள் ஊர்க் குளத்தில் மீன் செத்து மிதந்ததைப் பற்றித்தான் இந்தக் கடிதம். இதைப் புகார் என்று எடுத்துக்கொண்டால், குற்றவாளிகளில் முதல் பெயர் என்னுடையதாகவே இருக்கட்டும்.

நட்ட மூன்றாம் நாள், ஏக்கருக்கு ஒரு லிட்டர் பூட்டாகுளோர் என்ற களைமருந்தை இருபது கிலோ காய்ந்த மணலில் பிசறி வீசினேன். வயலில் ஒரு விரற்கடைத் தண்ணீர் நின்றது. அன்று சாயங்காலம் பிடித்த மழை விடியவிடிய விடவில்லை. நாற்று மூழ்கிவிடுமே என்ற பயத்தில் இருட்டிலேயே மண்வெட்டியோடு போய் வடிமடையை வெட்டிவிட்டேன். எங்கள் வரிசையில் எல்லோரும் அதையேதான் செய்தார்கள். மறுநாள் படித்துறை ஓரமாகக் கெண்டைக்குஞ்சுகள் வெள்ளை வெள்ளையாக ஒதுங்கிக் கிடந்தன. வேறு காரணமும் இருக்கலாம். தண்ணீரைச் சோதித்தவர் யாருமில்லை. ஆனால் இந்த மருந்து மீனுக்கு ஆகாது என்று புட்டியோடு வந்த தாளிலேயே போட்டிருக்கிறது. என் கண்ணுக்கு எட்டாத பொடி எழுத்து; பேத்திதான் வாசித்துச் சொன்னாள்.

மருந்து வீசிய பிறகு இரண்டு நாளைக்குத் தண்ணீரை வடிக்கவும் கூடாது, புதுத் தண்ணீர் பாய்ச்சவும் கூடாது என்பது வேளாண் பல்கலைக்கழகத்தின் பரிந்துரை. அந்த மெல்லிய தண்ணீரில்தான் மருந்து பரவி மண்ணின் மேல் படிகிறது, முளைக்கிற களையைக் கருக்குகிறது. மடையைத் திறந்தால் காசும் போகும், களையும் போகாது. முப்பது வருஷமாக உரக்கடையில் வாங்குகிறேன், "எத்தனை மா?" என்று கேட்பார்களே தவிர, இதை ஒருவரும் சொன்னதில்லை. நானும் கேட்டதில்லை.

டெல்டாவில் ஒருவருடைய வடிகால்தான் அடுத்தவருக்குப் பாசன வாய்க்கால். நான் வெட்டிவிட்ட தண்ணீர் கீழே நான்கு வயலுக்குப் பாய்ந்து, குளத்தில் விழுகிறது. மாடு குடிப்பதும் பிள்ளைகள் குளிப்பதும் அதில்தான். குளக்கரைக் கைப்பம்புக்கு ஊற்றும் அதுதான்.

வரப்பின் கதை தனி. வரப்புப் புல்லைக் கருக்க அடிக்கும் கிளைபோசேட் என்ற களைமருந்தைப் பூச்சிக் கட்டுப்பாட்டு நிறுவனத்தார் மூலம்தான் அடிக்க வேண்டும் என்று 2022-லேயே மத்திய அரசு உத்தரவு போட்டது. எங்கள் பக்கம் வரப்புகள் இன்னும் மஞ்சளாகக் கருகித்தான் கிடக்கின்றன. அருகம்புல் செத்த வரப்பில் நண்டு வளை பறித்தால் பொத்துக்கொள்ளும். அப்புறம் தண்ணீரைக் கட்டி நிறுத்து என்றால் எங்கே நிற்கும்?

குடிநீருக்கான இந்தியத் தரம் ஐ.எஸ். 10500-இல், லிட்டருக்குப் பூட்டாகுளோர் 125 மைக்ரோகிராம், மக்காச்சோளத்துக்குப் போடும் அட்ரசின் 2 மைக்ரோகிராம் என்று எல்லை இருக்கிறது. ஐரோப்பாவில் எந்தக் களைக்கொல்லியானாலும் 0.1தான். 2020-இல் மத்திய அரசு தடை செய்ய உத்தேசித்த 27 மருந்துகளில் பூட்டாகுளோரும் அட்ரசினும் இருந்தன. பூட்டாகுளோரை அதற்குப் பிறகுதான் நான் கடையில் வாங்கி வீசினேன். ஊராட்சியில் பெட்டி வைத்துச் சோதிக்கிறார்களே, அதில் உப்பும் இரும்பும் தெரியும், களைமருந்து தெரியாது.

ஆளில்லாத காலத்தில் களைமருந்தே வேண்டாம் என்று சொல்லும் யோக்கியதை எனக்கில்லை. கைக்களைக்கு ஆள் கிடைக்காமல்தான் இதற்கு வந்தோம். இந்த வருஷம் மூன்று மாவில் மட்டும் கோனோ வீடர் என்ற கையால் தள்ளும் களைக்கருவியைத் தள்ளிப் பார்த்தேன். இடுப்பு இரண்டு நாள் நிமிரவில்லை. மீதி ஆறு மாவுக்கு வரப்பை ஒரு சாண் உயர்த்தி அணைத்துவிட்டு, வானிலை அறிக்கையைக் கேட்டுத்தான் மருந்து வீசினேன்.

தங்கள் விவசாயப் பக்கத்தில் நடவுக் காலத்தில் மழை அறிவிப்போடு, "களைமருந்து வீசியவர்கள் மடையைத் திறக்காதீர்கள், மழை வருகிறதென்றால் வீசவே வேண்டாம்" என்று இரண்டு வரி போட்டால் உதவியாக இருக்கும். அதிகாரிகளுக்கும் ஒரு விண்ணப்பம்: குளத்துத் தண்ணீரைச் சோதிப்பதானால் நடவு முடிந்த கையோடு, ஐப்பசியில் வந்து எடுங்கள். போன தடவை சித்திரையில் பாட்டிலோடு வந்தார்கள். குளத்தில் அப்போது சேறுதான் இருந்தது.

இப்படிக்கு,
ஒரு கடைமடை விவசாயி,
மன்னார்குடி வட்டம்