உடற்பயிற்சிப் பாட்டு அல்ல

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற இதழில் வந்த ராப் இசைக் கட்டுரையை ஆவலோடு படித்துக்கொண்டே வந்தவன், தி ஸ்ட்ரீட்ஸ் என்ற பிரிட்டிஷ் ராப் குழுவின் 'ஃபிட் பட் யூ நோ இட்' பாட்டைப் பற்றிய பத்தியில் தடுக்கி விழுந்தேன். 'உடற்கட்டைப் பேணும் பெண்ணைப் போற்றும் பாடல்' என்று கட்டுரையாளர் எழுதிவிட்டார். பிரிட்டிஷ் பேச்சுவழக்கில் 'ஃபிட்' என்றால் கண்ணைப் பறிக்கும் அழகு. 'அழகிதான், ஆனால் அது உனக்கே தெரிந்து தொலைத்திருக்கிறதே!' என்று ஓர் இளைஞன் பொருமுகிறான்.

அவன் நிற்பது சாப்பாட்டுக் கடை வரிசையில். நண்பர்களோடு விடுமுறைக்கு வந்திருக்கிறான், உள்ளே பியர் போயிருக்கிறது. அவளுக்கு மனத்துக்குள் மதிப்பெண் போடுகிறான்: எட்டு அல்லது ஒன்பது, இன்னும் நான்கு பியர் போனால் ஒன்பதரை. வெயிலில் கறுத்ததுபோல் தெரிய அவள் பூசியிருப்பது கொஞ்சம் அதிகம் என்று குறையும் சொல்கிறான். உன்னை மடக்கப் பார்க்கவில்லை என்கிறான்; முடிந்தால் நல்லதுதான் என்று அதே மூச்சில் ஒப்புக்கொள்கிறான்.

கட்டுரையாளருக்கு இசையில் 'வறுமை' தெரிகிறதாம். கிதாரில் ஒரே துண்டு, வம்புக்கு இழுப்பதுபோல் திரும்பத் திரும்ப வருகிறது, உண்மைதான். அதன்மேல் குழுவின் குரலான மைக் ஸ்கின்னர் பாடுவதில்லை, பேசுகிறார். வரி நீண்டுவிட்டால் தாளத்துக்குள் மடக்க மெனக்கெடாமல் வழிய விடுகிறார். எனக்குச் சிரிப்பு வருவதே அந்தத் தள்ளாட்டத்தில்தான். தாளம் பிசகாமல் பாடியிருந்தால் அந்த ஆள் குடித்திருக்கிறான் என்று யார் நம்புவார்? 2002இல் வந்த முதல் ஆல்பத்துக்காக, லண்டன் பிரிக்ஸ்டனில் தங்கியிருந்த வீட்டின் துணி அலமாரியைக் காலி செய்து, எதிரொலி கேட்காமல் மெத்தை வைத்து மறைத்துக்கொண்டு குரலைப் பதிவு செய்தவர் இவர். அதைக் காசில்லாத காலத்துச் சிக்கனம் என்று சொல்லுங்கள், ஏற்றுக்கொள்கிறேன். இந்தப் பாட்டு வந்த 2004இல் அப்படியில்லை. அந்தப் பேச்சுக் குரலை அவர் வேண்டுமென்றேதான் வைத்துக்கொண்டார்.

இந்தப் பாட்டைத் தனியே பிய்த்து எடுத்து எடைபோட்டதும் சரியல்ல. இது இடம்பெற்ற 2004ஆம் ஆண்டு ஆல்பத்தின் 11 பாடல்களும் ஒரே கதை. ஆயிரம் பவுண்டைத் தொலைத்துவிட்டுத் தேடுகிறவனின் கதை. இது ஏழாவது பாட்டு. காதலியோடு சண்டை போட்டுக்கொண்டு வந்தவன்தான் அந்த வரிசையில் நின்று மதிப்பெண் போடுகிறான். அடுத்த பாட்டிலேயே தன் முட்டாள்தனத்தை நண்பனிடம் சொல்லிப் புலம்புகிறான். பத்தாவதில் காதலி விட்டுப் போகிறாள். 'டிரை யுவர் ஐஸ்' என்ற அந்தப் பாட்டு பிரிட்டிஷ் பாடல் விற்பனைப் பட்டியலில் முதலிடம் பிடித்தது. நம் வரிசைப் பாட்டுக்கு நான்காம் இடம்.

மற்றதெல்லாம் ரசனை வேறுபாடு, போகட்டும். 'ஃபிட்' என்ற சொல்லுக்கு மட்டுமாவது ஒரு திருத்தம் போடுங்கள். உங்கள் பத்தியைப் படித்த என் மகள், 'இது ஜிம்மில் போடுகிற பாட்டா அப்பா?' என்று கேட்கிறாள்.

தங்கள் நெடுநாள் வாசகன்,
திருச்சி.