ஒரே மீட்டர், மூன்று அடுப்பு

அரசுத் திட்டங்களுக்கு ஆன்லைன் விண்ணப்பம் வடிவமைக்கும் அதிகாரிகளுக்கும், அதற்குப் புரோகிராம் எழுதும் தம்பி தங்கைகளுக்கும்,

வணக்கம். தண்டையார்பேட்டையில் பிரவுசிங் சென்டர் வைத்திருக்கிறேன். ஊராருக்கு விண்ணப்பம் நிரப்பித் தருவதுதான் இப்போது பாதிப் பிழைப்பு. நீங்கள் எழுதிய கேள்விகளை உங்களைவிட அதிக முறை வாய்விட்டுப் படித்தவன் நானாகத்தான் இருப்பேன்.

2023-இல் மகளிர் உரிமைத் தொகைக்கு விதிகள் வந்தன. குடும்ப ஆண்டு வருமானம் இரண்டரை லட்சத்தைத் தாண்டக்கூடாது, ஆண்டுக்கு 3600 யூனிட்டுக்குக் குறைவாக மின்சாரம் செலவழிக்கும் குடும்பமாக இருக்க வேண்டும். அப்போது காசிமேட்டு அக்கா ஒருவர், "எந்த கரண்ட் நம்பரைப் போடுறது அண்ணே?" என்று கேட்டார். அவர் இருக்கும் வீட்டில் மூன்று குடித்தனம், மூன்று அடுப்பு. மின் இணைப்பு ஒன்றுதான், அதுவும் வீட்டுச் சொந்தக்காரர் பெயரில். குடித்தனக்காரர்களுக்கு அவர் சப்-மீட்டர் போட்டு யூனிட்டுக்கு இவ்வளவு என்று வாங்கிக்கொள்கிறார். 3600 யூனிட் என்றால் இரண்டு மாத பில்லுக்கு 600. ஒரு குடும்பத்துக்கு அது தாராளம். மூன்று குடும்பம் சேர்ந்தால் சித்திரை வெயிலிலேயே தாண்டிவிடும்.

விதியில் இருப்பது 'குடும்பம்'. கட்டத்தில் நிரப்பச் சொல்வது இணைப்பு எண். இரண்டும் ஒன்றுதான் என்று நடுவில் யார் முடிவு செய்தது? அமைச்சரவையா, கலெக்டரா? யாரோ ஒரு தம்பி, கைக்குக் கிடைத்த தரவு அதுதான் என்பதால் செய்திருப்பார். தப்பென்று சொல்ல மாட்டேன். ஆனால் அந்த ஒரு வரியில் சட்டத்துக்குப் பொருள் சொன்னது அவர்தான், அது அவருக்கே தெரிந்திருக்காது.

வருமானக் கட்டமும் இப்படித்தான். விசைப்படகில் போகிறவருக்குச் சம்பளம் கிடையாது, பங்குதான். ஏப்ரல் 15 முதல் 61 நாள் தடைக்காலத்தில் அதுவும் இல்லை. அவரிடம் போய் ஆண்டு வருமானம் எவ்வளவு என்றால் என்னைத்தான் திருப்பிக் கேட்கிறார்.

வேறொரு தளத்தில் 'தகுதி இல்லை' என்று சிவப்பில் வந்தது, அவ்வளவுதான். எந்த விதியால் என்று ஒரு சொல் இல்லை. பாதிக்கப்பட்டவருக்கு முடிவின் காரணத்தைத் தெரிவிக்க வேண்டும் என்று தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005, பிரிவு 4(1)(டி) சொல்கிறது. திரையில் வரும் முடிவுக்கு மட்டும் விலக்கா?

ஒவ்வொரு கேள்விக்குக் கீழும் அரசாணை எண்ணையும் விதியின் அந்த வாக்கியத்தையும் அப்படியே போடுங்கள். 'ஆம்', 'இல்லை' பக்கத்தில் 'உறுதியாகத் தெரியவில்லை' என்று மூன்றாவது பட்டன் வையுங்கள். அதை அழுத்தினால் வருவாய் ஆய்வாளர் பார்வைக்குப் போகட்டும். கணக்குப் போடும் புரோகிராமையும் வெளியிடுங்கள். பிரான்சில் ஓப்பன்ஃபிஸ்கா என்ற பெயரில் வரி, உதவித்தொகை விதிகளை 2011 முதல் அப்படிப் புரோகிராமாக எழுதி வெளியிட்டு வருகிறார்கள். யார் வேண்டுமானாலும் படித்துத் தப்பு காட்டலாம்.

அப்புறம், அடுத்த படிவத்தைத் திறந்துவிடும் முன் ஒரு நாள் என் கடையில் வந்து உட்காருங்கள். காலை பத்து மணிக்கு மேல் வாருங்கள், அதற்கு முன் பாதிப் பேர் மீன் ஏலத்தில் இருப்பார்கள்.

இப்படிக்கு,
தண்டையார்பேட்டை பிரவுசிங் சென்டர்காரன்