செயலாளர் ஆண்டறிக்கை: சுழல் உதையும் தரையில் போட்ட கோடும்

தலைவர் அவர்களுக்கும் பயிற்சியாளர்களுக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

பெல்ட் தேர்வுகள் குறையின்றி நடந்தன. வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். இந்த ஆண்டு நம் டேக்வாண்டோ பயிற்சிக் கூடத்தில் ஓயாமல் பேசப்பட்டது டோல்யோ சாகி, அதாவது சுழல் உதை. ஆகவே அறிக்கையின் பெரும்பகுதி அதற்கே போகிறது, பொறுத்தருள்க.

வாக்குவாதம் ஹ்வா-ராங் பேட்டர்னில், அதாவது கற்பனை எதிராளியை எதிர்த்து வரிசையாகச் செய்யும் அசைவுத் தொகுப்பில், கிளம்பியது. அதன் 29 அசைவுகளில் இரண்டு உயர் சுழல் உதைகள் அடுத்தடுத்து வேகமாக வருகின்றன. பேட்டர்னின் தரை வரைபடத்தில் திசைகளை ஆங்கில எழுத்துகளால் குறிப்பார்கள்; இங்கே நகர்வது எஃப் முனையை நோக்கி. எனவே உதையும் எஃப்புக்கே என்று நம்மில் பலர் பல ஆண்டுகளாக உதைத்து வந்தோம். நானும் அந்தக் கூட்டத்தில் சேர்த்திதான். பேட்டர்னின் எழுத்து விளக்கமோ வலக்காலுக்கு டி-எஃப் (டி, எஃப் திசைகளுக்கு நடுவே), இடக்காலுக்கு சி-எஃப் என்கிறது. எதிராளி நேர் முன்னே நிற்கவில்லை. உதைக்கும் காலின் பக்கமாக 45 பாகை விலகி நிற்கிறார்.

பேசித் தீராததால் தரையில் சுண்ணக்கட்டியால் அந்தக் கோணத்தில் கோடு போட்டோம். கோட்டின் முனையில் ஒருவர் உதை வாங்கும் மெத்தையான பேடைப் பிடித்து நின்றார். முதலில் வந்த சிவப்பு பெல்ட் மாணவியின் உதை பேடைத் தாண்டிச் சுழன்றது. கால் இறங்கியபோது அவர் முதுகைக் காட்டி நின்றார். நேரே உதைத்துப் பழகிய உடலுக்குக் காலை நிறுத்தும் இடம் தெரியவில்லை. முழங்காலை மடக்கி உயர்த்தி, அதைக் கோட்டின் திசைக்குக் கொண்டுவந்த பிறகே பாதத்தை வீசச் சொன்னோம். மூன்றாம் முறை, விரல்களைப் பின்னுக்கு மடக்கிய முன்பாதம் பேடில் பட்டது. சத்தமே வேறாக இருந்தது.

சண்டைப் பயிற்சியில் புறங்காலால் அடித்துப் பழகியவர்கள் அதை அப்படியே பேட்டர்னுக்கும் எடுத்து வருகிறார்கள். இரண்டையும் பிரித்துப் பழக வேண்டும். உயரத்திலும் ஒரு குழப்பம் தீர்ந்தது: உயர் உதை என்றால் உதைப்பவரின் கண் மட்டம். கூரையைத் தொட வேண்டியதில்லை.

என் கருத்தில், கோணத்தைக் கெடுப்பது உதைக்கும் காலைவிட ஊன்றிய காலே. அதன் குதிகால் தரையில் ஒட்டிக்கொண்டால் இடுப்பு திரும்பாது. திருகல் முழுவதும் முழங்காலில் இறங்கும். சென்ற மழைக்காலத்தில் என் இடது முழங்கால் வீங்கியது இதனால்தான். மருத்துவரிடம் படிக்கட்டில் வழுக்கியதாகச் சொல்லியிருந்தேன். இங்கே உண்மையைப் பதிவு செய்கிறேன்.

வரும் ஆண்டில் இதே முறையில் சூங்-மூ என்ற பேட்டர்னை எடுத்துக்கொள்வதாகச் செயற்குழு முடிவு செய்துள்ளது. அதில் உயர் சுழல் உதையைத் தொடர்ந்து உடனே பின் உதை வருகிறது. முதல் காலைத் தப்பான இடத்தில் இறக்கினால் இரண்டாவது உதைக்குத் திசையே கிடைக்காது.

கூடத்தைப் பெருக்குபவர்கள் மூலையில் உள்ள கோடுகளை மட்டும் துடைக்காமல் விடவும். இதுவரை நான்கு முறை போட்டாகிவிட்டது.

இப்படிக்கு,
செயலாளர்