நாலாவது லேன்காரிக்கு ஒரு கடிதம்

அன்புள்ள நாலாவது லேன்காரிக்கு,

பேர் போட்டு எழுதினால் உனக்குப் பிடிக்காது. இதுவே போதும், உனக்குப் புரிந்துவிடும். எட்டு லேன் நீச்சல் குளத்தில் நல்ல டைமிங் உள்ளவளுக்கு நாலாவது லேன், அடுத்தவளுக்கு அஞ்சாவது. மூன்று வருடம் நீ நாலு, நான் அஞ்சு. இத்தனைக்கும் பிரீஸ்டைல் என்னுடைய ஈவென்ட். தவளை மாதிரி நீந்தும் பிரெஸ்ட்ஸ்ட்ரோக்தான் உன் சொத்து. போகிற போக்கில் என்னையும் ஜெயித்துவிட்டுப் போவாய்.

பதக்கத்தோடு நான் போட்ட போட்டோவைப் பார்த்துவிட்டு, "இந்த வயசுல எதுக்குடி போட்டியெல்லாம், உடம்புக்குன்னு சும்மா நீந்தினா போதாதா?" என்று கேட்டிருந்தாய். போனில் பதில் சொன்னால் குறுக்கே பேசுவாய். அதனால்தான் கடிதம்.

நாம் தண்ணீருக்குள் வந்ததே போட்டிக்காகத்தானே? 1994இல் குற்றாலீஸ்வரன் ஒரே வருடத்தில் ஆறு கடற்பகுதிகளை நீந்திக் கடந்து, மிஹிர் சென் 1966இல் ஐந்து கடந்த சாதனையை முறியடித்தான். நம் வயதுப் பையன். பேப்பரில் அவன் படம் வந்த கையோடு நம் தெருவில் பாதிப் பிள்ளைகளைக் குளத்தில் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். அடுத்த வருடம் தெற்காசியப் போட்டிகளுக்காக வேளச்சேரியில் குளம் கட்டினார்கள். அப்புறம் பிளஸ் டூ வந்தது. "நீச்சல் எங்க போயிடப் போகுது, பரீட்சை முடியட்டும்" என்று இரண்டு வீட்டிலும் ஒரே வசனம். பரீட்சை முடிந்து நான் மறுபடி குளத்தில் இறங்க 26 வருடம் ஆனது.

இறங்கிய முதல் நாளைச் சொல்கிறேன், சிரித்துக்கொள். வேகமாக நீந்துபவர்களின் லேனுக்குப் போனேன். காவலர், "ஆன்ட்டி பேட்ச் அந்தப் பக்கம் மேடம்" என்றார். ரோஷத்தில் அங்கேயே குதித்தேன். முதல் 25 மீட்டர் பழைய ராணிதான். சுவர் வந்தது, தண்ணீருக்குள்ளேயே குட்டிக்கரணம் போட்டுத் திரும்பும் ஃபிளிப் டர்ன் அடித்தேன். உருளும்போது மூக்கால் காற்றை விட வேண்டும் என்பதை உடம்பு மறந்துவிட்டிருந்தது. குளோரின் தண்ணீர் நேராக மூளைக்கே ஏறியது போல இருந்தது. கயிற்றைப் பிடித்துக்கொண்டு இருமினேன். பக்கத்து லேனில் இருந்த பத்து வயதுப் பொடியன், "ஆர் யூ ஓகே ஆன்ட்டி?" என்றான்.

அடுத்தது தோள். பழைய நினைப்பில் வாரம் ஐந்து நாள், தினம் இரண்டரை கிலோமீட்டர் என்று போனேன். ஆறாவது வாரம் மேல் தட்டில் இருக்கும் பருப்பு டப்பாவைக் கை எட்டவில்லை. ரவிக்கைக் கொக்கி போட மகளைக் கூப்பிட வேண்டியிருந்தது. ஒரு மாதம் ரப்பர் பட்டையைக் கதவில் கட்டி இழுத்ததுதான் மிச்சம். இப்போது வாரம் மூன்று நாள், 1,500 மீட்டர். நீ வந்தால் 800இல் தொடங்கு. என் பேச்சைக் கேட்க மாட்டாய், இருந்தாலும் சொல்லி வைக்கிறேன்.

நாம் கற்றதே மாறிவிட்டது, தெரியுமா? தண்ணீருக்குள் கையால் 'எஸ்' எழுது, 'எஸ்' எழுது என்று நம் கோச் சார் கரையில் நின்று கத்துவாரே, அது இப்போது இல்லை. முழங்கையை மேலேயே நிறுத்தி, முன்கையைத் துடுப்பு மாதிரி செங்குத்தாக்கி, நேராகப் பின்னால் தள்ளச் சொல்கிறார்கள். முப்பது வருடப் பழக்கத்தை விட எனக்கு நாலு மாதம் பிடித்தது. ஆனால் 25 மீட்டருக்கு 25 தடவை கை வீசிக்கொண்டிருந்தவள் 20க்கு வந்தேன். பலம் கூடியதால் இல்லை. வேகம் இரண்டு மடங்கானால் தண்ணீரின் எதிர்ப்பு ஏறக்குறைய நாலு மடங்காகும். நம் வயதில் அதை முட்டி ஜெயிக்க முடியாது. இடுப்பு தாழாமல், தலை தூக்காமல், நழுவிப் போகத்தான் பார்க்க வேண்டும். இந்த நழுவல் எனக்குப் பதினேழு வயதில் வாய்க்கவில்லை. அப்போது வெறும் அடிதடி.

சரி, உன் கேள்விக்கு வருகிறேன். சும்மா நீந்தும்போது எனக்குக் கரண்ட் பில் ஞாபகம் வருகிறது, மாமியாரின் மாத்திரை ஞாபகம் வருகிறது. போட்டியில் குதிக்கிற மேடையான பிளாக் மேல் ஏறி, குனிந்து விளிம்பைப் பிடித்து, அந்த பீப் சத்தத்துக்குக் காத்திருக்கும்போது ஒன்றுமே வருவதில்லை. முதல் போட்டியில் டைவ் அடித்ததும் காகிள்ஸ் கழன்று வாய்க்கு வந்துவிட்டது. கண்ணை மூடிக்கொண்டு 50 மீட்டர் போய்ச் சுவரைத் தொட்டேன். 46.2 நொடி. 1997இல் என் டைமிங் 31.4. வீட்டுக்கு வந்து பழைய டிரங்குப் பெட்டியிலிருந்த சான்றிதழை எடுத்துப் பார்த்து அழுதேன் என்று சொன்னால் நம்புவாயா? இப்போது 39.8. அந்தச் சான்றிதழை மறுபடி பெட்டியிலேயே போட்டுவிட்டேன்.

மாஸ்டர்ஸ் நீச்சலில், அதாவது நம்மைப் போலப் பெரியவர்களுக்கான போட்டியில், 25 வயதிலிருந்து ஐந்தைந்து வருடமாகப் பிரித்துவிடுகிறார்கள். உலகப் போட்டிகளில் அந்த வருடம் டிசம்பர் 31 அன்று என்ன வயதோ அதுதான் கணக்கு. நாமிருவரும் 1981. 45 ஆகிற வருடம் 45–49 பிரிவில் நாம்தான் குட்டிகள்! பிறந்தநாள் வரட்டும் என்று பொம்பளைகள் ஏங்குகிற இடம் இது ஒன்றுதான். அமெரிக்க நீச்சல் வீராங்கனை டாரா டோரஸ் 41 வயதில், இரண்டு வயதுக் குழந்தைக்குத் தாயாக, 2008 பெய்ஜிங்கில் மூன்று வெள்ளி வாங்கினார். 50 மீட்டரில் தங்கம் போனது 0.01 நொடியில். அவரைப் பார்த்து நாமும் கிளம்பலாம் என்று சொல்ல மாட்டேன். அவர் அதையே தொழிலாகச் செய்தவர். நமக்குக் காலை ஏழரைக்கு டிபன் பாக்ஸ் கட்ட வேண்டும்.

உன்னை உட்கார்த்திச் சொல்ல நினைத்தது வேறு. அந்த மாவட்டப் போட்டி ஞாபகம் இருக்கிறதா? பிரெஸ்ட்ஸ்ட்ரோக் 100. ஒரு உடம்பு நீளம் முன்னால் முடித்தாய். டைவ் அடித்து நீருக்கடியில் போகும்போது காலைச் சேர்த்து ஒரு டால்பின் கிக் அடித்தாய் என்று தகுதிநீக்கம் செய்தார்கள். உடை மாற்றும் அறையில் ஈரத் துண்டை முகத்தில் போட்டுக்கொண்டு அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தாய். நான் உள்ளுக்குள் கொஞ்சம் சந்தோஷப்பட்டேன். அதை இப்போதுதான் சொல்கிறேன். 2005இல் விதியையே மாற்றிவிட்டார்கள். இன்று ஸ்டார்ட்டுக்குப் பிறகும் ஒவ்வொரு டர்னுக்குப் பிறகும் ஒரு டால்பின் கிக் அடிக்கலாம். உன்னை வெளியே அனுப்பிய அதே கிக்கை, அடிக்காவிட்டால்தான் இப்போது கோச்சுகள் திட்டுகிறார்கள்.

இதில் என் சுயநலமும் இருக்கிறது. நாலு பேர் ஆளுக்கொரு வகையாக நீந்தும் மெட்லி ரிலேக்கு நாங்கள் மூன்று பேர் இருக்கிறோம். பேக்ஸ்ட்ரோக்குக்கு 52 வயது டாக்டரம்மா, பட்டர்பிளைக்கு ஐடியில் வேலை பார்க்கும் 34 வயதுப் பெண், பிரீஸ்டைலுக்கு நான். நாலு பேர் வயதையும் கூட்டித்தான் பிரிவு. அடுத்த சீசன் கணக்குப்படி எங்கள் மூவருக்கும் 131. உன் 45 சேர்ந்தால் 176. 160–199 பிரிவில் அழகாக உட்காருகிறது. பிரெஸ்ட்ஸ்ட்ரோக்குக்குத்தான் ஆளில்லை. நான் அடித்துப் பார்த்தேன். தவளை கூடச் சிரிக்கும்.

சனிக்கிழமை காலை ஐந்தே முக்கால். தலையில் மாட்டும் நீச்சல் கேப் என்னிடம் இரண்டு இருக்கிறது. தலைக்கு எண்ணெய் வைத்துக்கொண்டு வராதே, உள்ளே விடமாட்டார்கள். நாலாவது லேனில் இப்போது நான் இருக்கிறேன். நீ அஞ்சில் இறங்கு.

இப்படிக்கு,
பழைய அஞ்சாவது லேன்