சக்கரவர்த்தியோடு ஓராண்டு: செயலாளரின் ஆண்டறிக்கை

தலைவர், செயற்குழுவினர், உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம். சான் பிரான்சிஸ்கோவில் நாம் நடத்திவரும் வரலாற்று நடை வட்டத்தின் ஆண்டறிக்கையைப் பொதுக்குழுவின் முன் வைக்கிறேன்.

கூட்டங்கள் வழக்கம்போல் நடந்தன. கணக்கைப் பொருளாளர் தனியே வாசிப்பார். எனவே இந்த ஆண்டு நாம் எடுத்துக்கொண்ட ஆளுக்கு நேராக வந்துவிடுகிறேன்: "அமெரிக்காவின் சக்கரவர்த்தி, மெக்சிகோவின் காவலர்" முதலாம் நார்ட்டன்.

ஜோஷுவா ஆபிரகாம் நார்ட்டன் இங்கிலாந்தில் பிறந்து, தென்னாப்பிரிக்காவில் வளர்ந்து, 1849இல் இந்த ஊருக்கு வந்த வியாபாரி. அரிசியில் கையைச் சுட்டுக்கொண்டவர் என்றதும் நம் உறுப்பினர்கள் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். 1852 கடைசியில் சீனா அரிசி ஏற்றுமதியை நிறுத்த, இங்கே ராத்தல் 4 சென்ட்டுக்கு விற்றது 36 சென்ட்டுக்கு ஏறியது. பெருவிலிருந்து வந்த ஒரு கப்பலின் 2 லட்சம் ராத்தல் அரிசியை 25,000 டாலருக்குப் பேசி முடித்தார் நார்ட்டன். பின்னாலேயே பெருவிலிருந்து வேறு கப்பல்களும் வந்து சேர்ந்தன. விலை 3 சென்ட்டுக்கு விழுந்தது. ஒப்பந்தத்தை ரத்து செய்யக் கேட்டு மாநில உச்ச நீதிமன்றம் வரை போய்த் தோற்றார். 1856இல் திவால்.

1859 செப்டம்பர் 17 அன்று தன்னைச் சக்கரவர்த்தியாக அறிவிக்கும் கடிதம் ஒன்றை ஒரு மாலைப் பத்திரிகையில் கொடுத்தார். அவர்களும் வேடிக்கைக்கு அச்சிட்டார்கள். அடுத்த மாதமே அமெரிக்க நாடாளுமன்றத்தைக் கலைத்து உத்தரவு போட்டார்! பிறகு இருபது வருடம், தோளில் பொன்னிறச் சரிகை தொங்கும் ராணுவ உடுப்பும் இறகு செருகிய தொப்பியுமாக வீதியுலா வந்தார். 1870 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தொழில் என்ற இடத்தில் "சக்கரவர்த்தி" என்றே எழுதியிருக்கிறார்கள்.

நம் நடை கமர்ஷியல் தெருவில் தொடங்கியது. அங்கே 624ஆம் எண்ணில் இருந்த விடுதியில்தான் அவர் நாளுக்கு 50 சென்ட் வாடகைக்குக் கடைசிவரை குடியிருந்தார். அந்தத் தெருப்பகுதிக்கு 2023இல் மாநகராட்சி அவர் பெயரையும் சேர்த்துச் சூட்டியிருக்கிறது. கலிபோர்னியா தெருவும் கிராண்ட் அவென்யூவும் சந்திக்கும் முனையில், பழைய செயின்ட் மேரி தேவாலயத்தின் எதிரில் முடித்தோம். ஒரு சொற்பொழிவு கேட்கப் போகும் வழியில் 1880 ஜனவரி 8 அன்று அவர் விழுந்து இறந்த இடம் அது.

துண்டறிக்கை தயாரித்தபோதுதான் சண்டை. தேதியோடு அச்சில் இல்லாத கதையைச் சேர்ப்பதில்லை என்று செயற்குழு முடிவெடுத்தது. அதனால் பம்மர், லாசரஸ் என்ற இரண்டு தெருநாய்கள் போயின. அவை ஊரறிந்த நாய்கள்தான், ஆனால் நார்ட்டனுடையவை அல்ல. ஒரு கேலிச்சித்திரக்காரர் சேர்த்து வரைந்ததால் வந்த பந்தம். ஊரை "ஃபிரிஸ்கோ" என்று சுருக்கினால் 25 டாலர் அபராதம் என்ற ஆணைக்கும் மூலம் அகப்படவில்லை. அந்தப் பத்தியை எழுதிய நண்பருக்கு என்மேல் இன்னும் வருத்தம்.

இந்த வடிகட்டலுக்குப் பிறகும் நின்றவைதான் எனக்குப் பெரிதாகத் தெரிகின்றன. 1870களில் அவருடைய ஆணைகளை வாராவாரம் அச்சிட்டது 'பசிஃபிக் அப்பீல்' என்ற கறுப்பினத்தவரின் பத்திரிகை. கறுப்பினப் பிள்ளைகளுக்குப் பொதுப் பள்ளியில் இடம் வேண்டும் என்றும், சீனர்களுக்கு நியாயம் வேண்டும் என்றும் ஆணை போட்டார். பதவியில் இருந்த பலர் அன்று வாய் திறக்காத விஷயங்கள் இவை. 1872இல் வளைகுடாவின் எதிர்க்கரையில் உள்ள ஓக்லாந்திலிருந்து கோட் தீவு வழியாக இந்த ஊருக்குப் பாலம் கட்டச் சொன்னார். இன்று யெர்பா புவேனா எனப்படும் அதே தீவு வழியாக 1936இல் பாலம் வந்தது. பாலத்துக்கு அவர் பெயர் வைக்கும் முயற்சி மட்டும் இன்னும் கைகூடவில்லை.

1867இல் ஒரு காவலர் அவரைப் பைத்தியம் என்று பிடித்துப்போக, பத்திரிகைகள் கொதித்தன. காவல்துறைத் தலைவர் பேட்ரிக் குரோலி அவரை விடுவித்தார். ரத்தம் சிந்தாத, யாரையும் கொள்ளையடிக்காத அரசர் என்று ஒரு பத்திரிகை எழுதியது. இதையெல்லாம் சொல்லி ஊரின் பெருந்தன்மையை எல்லோரும் புகழ்கிறார்கள். எனக்கு முழுச் சம்மதமில்லை. அவர் இறந்தபின் வசதி படைத்தவர்களின் சங்கம் ஒன்று நல்ல ரோஸ்வுட் சவப்பெட்டி வாங்கிக் கொடுத்தது. அஞ்சலிக்கு 10,000 பேர் திரண்டதாக எழுதினார்கள். இருந்த காலத்திலோ, அறையில் சில கைத்தடிகளும் பையில் சில்லறையும்தான். சல்யூட் அடிக்கக் காசு செலவில்லையே! நம் கூட்டத்தில் இதைப் பலர் மறுத்தார்கள்: சும்மா கொடுத்தால் சக்கரவர்த்தி வாங்கியிருக்க மாட்டார், அதனால்தான் அவர் அச்சிட்ட கடன்பத்திரங்களை ஊர் காசு கொடுத்து வாங்கியது என்று. அதுவும் சரிதான்.

வரும் ஆண்டில் கோல்மாவில் உள்ள உட்லான் கல்லறைத் தோட்டத்துக்குப் போகலாம் என்று செயற்குழு பரிந்துரைக்கிறது. 1934இல் அவரை அங்கே மாற்றிப் புதைத்தார்கள். வாகன ஏற்பாட்டுக்குப் பெயர் கொடுங்கள்.

சந்தா பாக்கி வைத்திருப்போர் பொருளாளரைப் பார்க்கவும். நார்ட்டனின் அசல் பத்திரம் இருந்தாலும் ஏற்போம். ஏலத்தில் அது இன்று பல ஆயிரம் டாலர் போகிறது, மீதியைத் திருப்பித் தர நம்மிடம் வசதி இல்லை.

இவ்வறிக்கையை ஏற்று நிறைவேற்றுமாறு பொதுக்குழுவைக் கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்