ஜாம்பீஸ் என்ற பெயரை என்ன செய்வது? காலின் ப்ளன்ஸ்டோனுக்கு ஒரு கடிதம்

அன்புள்ள காலின் அவர்களுக்கு,

வணக்கம். நலம்தானே? இந்தக் கடிதத்தை நீங்கள் வாசிக்க முடியாது என்று தெரியும். இருந்தாலும் உங்களைப் பற்றி எங்கள் ஆட்களிடம் பேசுவதைவிட, அவர்கள் கேட்கும்படி உங்களிடமே பேசுவது எனக்குச் சரியாகப் படுகிறது. எண்பது வயதைத் தொட்ட ஒரு பாடகரிடம் சொல்ல நினைத்ததைத் தள்ளிப்போடவும் மனமில்லை.

1960-களில் இங்கிலாந்தில் நீங்கள் பாடிய ஜாம்பீஸ் ராக் குழுவின் பழைய ஒலிப்பதிவுகளின் உரிமை மறுபடி உங்கள் கைக்கே வந்துவிட்டது என்று படித்ததிலிருந்து எழுத வேண்டும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அதற்காகத் தொடங்கிய நிறுவனத்துக்கு பீச்வுட் பார்க் என்று பெயர் வைத்திருக்கிறீர்கள். உங்கள் குழுவில் பேஸ் கிதார் வாசித்த கிறிஸ் ஒயிட்டின் அப்பா கிராமத்தில் மளிகைக் கடை வைத்திருந்தார், சாமான் கொடுக்கப் போன வழியில் இருந்த இடம்தான் அதே பெயரில் கிறிஸ் எழுதிய பாட்டுக்குள் வந்தது என்று அறிந்தபோது, இத்தனை வருடம் கழித்துத் திரும்பி வந்த சொத்துக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் கிடையாது என்று தோன்றியது. சரி, சொத்து வந்துவிட்டது. அதோடு கதையும் வந்துவிட்டது. இனிமேல் ஜாம்பீஸ் யார் என்று உலகத்துக்குச் சொல்லப்போவது கம்பெனிக்காரர்கள் இல்லை, நீங்கள். அதைப் பற்றித்தான் பேச வந்தேன்.

உங்கள் கதையை மற்றவர்கள் சொன்னபோதெல்லாம் ஏதோ ஒன்று கோணலாகவே போயிருக்கிறது. 1964-ல் 'ஷீ'ஸ் நாட் தேர்' வெளிவந்து இங்கிலாந்தின் பாடல் தரவரிசையில் 12-ஆம் இடத்தையும் அமெரிக்காவின் பில்போர்டு பட்டியலில் 2-ஆம் இடத்தையும் பிடித்தது. பத்தொன்பது வயதுப் பையன்கள், அப்படி ஒரு பாட்டு. ராட் ஆர்ஜென்டின் எலெக்ட்ரிக் பியானோவும் மூச்சுக் காற்று கலந்த உங்கள் குரலும் அன்றைய பீட் குழுக்கள் எதிலும் கேட்காத ஒன்று. விளம்பரம் செய்தவர்கள் எதைப் பிடித்துக்கொண்டார்கள்? நீங்கள் எல்லோரும் பள்ளியில் எத்தனை ஓ லெவல் (பதினாறு வயது வாக்கில் எழுதும் தேர்வு) பாடங்கள் பாஸ் செய்தீர்கள் என்று கூட்டிச் சொன்னார்கள். கிறிஸும் கிதார் வாசித்த பால் அட்கின்சனும் கண்ணாடி போட்டிருந்தது வசதியாகப் போயிற்று. படித்த பையன்கள், சாதுவான பையன்கள் என்று முத்திரை குத்திவிட்டார்கள். மற்ற குழுக்களை முரட்டுப் பையன்களாகக் காட்டி விற்ற காலத்தில் அந்த முத்திரை உங்களுக்கு எவ்வளவு பாரமாக இருந்திருக்கும் என்று இப்போது புரிகிறது.

1967 மணிலாப் பயணம் இன்னொன்று. இங்கிலாந்தில் உங்கள் சிங்கிள்கள் ஒன்றன்பின் ஒன்றாகத் தோற்றுக்கொண்டிருந்தன. முடிந்துபோன குழு என்று நீங்களே நினைக்கத் தொடங்கியிருந்த நேரம். பிலிப்பைன்ஸில் விமானத்தைவிட்டு இறங்கிப் பார்த்தால் அங்கே நீங்கள் நட்சத்திரங்கள். அரனெட்டா அரங்கில் ஆயிரக்கணக்கானோர் கூடினார்கள். உங்களுக்குக் கொடுத்த சம்பளமோ அற்பம். உங்கள் பாட்டு எங்கே ஓடுகிறது என்பதுகூட உங்களுக்குச் சொல்லப்படவில்லை. அதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் கோபம் வருகிறது.

அப்புறம் 'ஒடெஸி அண்ட் ஆரக்கிள்' ஆல்பம். பீட்டில்ஸ் 'சார்ஜென்ட் பெப்பர்' ஆல்பத்தை முடித்துக் கிளம்பிய சூட்டோடு 1967 ஜூனில் அபே ரோடு ஸ்டுடியோவுக்குள் போனீர்கள். ஜான் லெனனின் மெல்லோட்ரான் என்ற கீபோர்டு அங்கேயே இருந்தது, ராட் அதை வாசித்தார். மொத்தச் செலவுக்குக் கிடைத்தது 1,000 பவுண்டு. ஸ்டீரியோ கலவையும் வேண்டும் என்று கம்பெனி பிறகு கேட்டபோது ராடும் கிறிஸும் தங்கள் கைக்காசைப் போட்டார்கள். 1968 ஏப்ரலில் இசைத்தட்டு வெளிவந்தபோது குழு கலைந்து நான்கு மாதம் ஆகியிருந்தது. அமெரிக்காவில் வெளியிடவே தயங்கினார்கள், அமெரிக்க இசைக் கலைஞரும் தயாரிப்பாளருமான அல் கூப்பர் பிடிவாதமாகச் சொன்ன பிறகுதான் வெளியிட்டார்கள். அதிலும் முதல் சிங்கிளாக எடுத்தது முதல் உலகப்போரின் பதுங்குகுழியிலிருந்து ஒரு கசாப்புக்கடைக்காரன் பேசும் பாட்டை. வியட்நாம் போர் நடக்கிற நேரம், எடுபடும் என்று கணக்குப் போட்டிருக்கிறார்கள். எடுபடவில்லை.

நீங்கள் அதற்குள் லண்டனில் ஒரு இன்சூரன்ஸ் அலுவலகத்தில் குமாஸ்தாவாக உட்கார்ந்துவிட்டீர்கள். திருட்டுக் காப்பீட்டுப் பிரிவு. ராடுக்கும் கிறிஸுக்கும் பாட்டு எழுதியதற்கான பணம் வந்துகொண்டிருந்தது. பாடிய உங்களுக்கும், வாசித்த பாலுக்கும் டிரம்ஸ் கலைஞர் ஹியூ கிரண்டிக்கும் அது கிடையாது. நீங்கள் வேலைக்குப் போனதற்குக் காரணம் அவ்வளவுதான். இதை நீங்கள் எந்தப் பேட்டியிலும் மறைத்ததில்லை, யாரையும் குறை சொன்னதும் இல்லை.

1969 மார்ச்சில் அந்த ஆல்பத்தின் 'டைம் ஆஃப் தி சீசன்' பாட்டு கேஷ் பாக்ஸ் என்ற இன்னொரு அமெரிக்கப் பட்டியலில் முதலிடம், பில்போர்டில் 3-ஆம் இடம். அதைப் பாடிய குழு உலகத்தில் இல்லை. இல்லாத குழுவுக்குக் கிராக்கி வந்தால் என்ன நடக்கும்? மிச்சிகனில் ஒரு நிறுவனம் ஆட்களைப் பிடித்து, ஜாம்பீஸ் என்று பெயர் வைத்து அமெரிக்கா முழுக்க அனுப்பியது. டெக்சாஸில் சேர்த்த ஒரு கோஷ்டியில் நான்கே பேர், கீபோர்டு வாசிக்க ஆள் இல்லை. ராடின் கீபோர்டு இல்லாத ஜாம்பீஸ்! அந்த நால்வரில் டஸ்டி ஹில், பிராங்க் பியர்டு என்ற இருவர் அப்புறம் ஸீஸீ டாப் குழுவில் சேர்ந்து பெரும் புகழ் பெற்றார்கள். 2004-லேயே ராக் இசையின் பெரிய கௌரவமான ராக் அண்ட் ரோல் ஹால் ஆஃப் ஃபேமில் அவர்களுக்கு இடம் கிடைத்தது. உண்மையான ஜாம்பீஸுக்கு அது கிடைக்க இன்னும் பதினைந்து வருடம் ஆனது. அந்தப் பையன்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை, வேலை கிடைத்தது, போனார்கள். உங்கள் ஐந்து பேரின் பெயரைத் தெருவில் கிடந்த பொருள்போல எடுத்துக்கொண்டவர்கள் மேல்தான் கோபம்.

உங்களுக்கும் அப்போது வாய்ப்பு வந்தது. மறுபடி சேர்ந்தால் பெரிய பணம் என்றார்கள். ராடும் கிறிஸும் புதுக் குழு தொடங்கியிருந்தார்கள், நீங்கள் யாரும் பின்னால் திரும்பவில்லை. போலிகள் அந்தப் பெயரில் சம்பாதித்துக்கொண்டிருக்க, உரியவர்கள் அதைத் தொடாமல் விட்டீர்கள்.

அப்படி விட்ட பெயரை நீங்கள் திரும்ப எடுத்த விதம்தான் எனக்கு உங்கள்மேல் இவ்வளவு மதிப்பு வரக் காரணம். 2000 வாக்கில் ராடும் நீங்களும் சேர்ந்து மேடையேறியபோது சுவரொட்டியில் உங்கள் இருவர் பெயரைத்தான் போட்டீர்கள். 2001-ல் வந்த ஆல்பத்திலும் அதே மாதிரி. ஜாம்பீஸ் என்று போட்டிருந்தால் டிக்கெட் இன்னும் வேகமாக விற்றிருக்கும், யாரும் கேள்வி கேட்டிருக்க மாட்டார்கள். நீங்கள் பழைய பாட்டுகளை மெல்லமெல்லச் சேர்த்து, கூட வாசிப்பவர்களைப் பழக்கி, 2004-ல்தான் அந்தப் பெயரில் புது ஆல்பம் போட்டீர்கள். ராடின் உறவுக்காரர் ஜிம் ராட்ஃபோர்டு பேஸ் வாசிக்க வந்தார். 1961-ல் உங்களிடம் நல்ல கருவிகள்கூட இல்லாதபோது தன் குழுவின் கருவிகளைக் கொடுத்து உதவியவர் அவர். 2018-ல் இறக்கும்வரை உங்களோடு நின்றார்.

2008-ல் லண்டன் ஷெப்பர்ட்ஸ் புஷ் அரங்கில் 'ஒடெஸி அண்ட் ஆரக்கிள்' முழுவதையும் முதல்முறையாக மேடையில் வாசித்தபோது கிறிஸையும் ஹியூவையும் அழைத்து வந்தீர்கள். பால் 2004-லேயே போய்விட்டார். இசைத்தட்டில் ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கிய குரல்கள் ஒன்றுகூட விடுபடக் கூடாது என்று கூடுதலாக ஆட்களைச் சேர்த்தீர்கள். அந்த நிகழ்ச்சியின் பதிவை நான் எத்தனை முறை கேட்டிருப்பேன் என்று கணக்கில்லை. நாற்பது வருடம் காத்திருந்த பாட்டு என்பதால் கேட்கவில்லை. அறுபதைத் தாண்டிய ஒரு குரல் இருபத்திரண்டு வயதில் பாடிய உச்சத்தை அதே சுதியில் தொடுகிறதே, அதற்காகக் கேட்டேன்.

இனி என் விண்ணப்பம். ஒன்றிரண்டு உண்டு, பொறுத்துக்கொள்ளுங்கள்.

மறுபதிப்பு வரும்போதெல்லாம் விளம்பரத்தில் ஒரே வரி வருகிறது: காலம் கண்டுகொள்ளாத மாபெரும் படைப்பு. உண்மைதான். ஆனால் அந்த ஒரு வரியே உங்கள் வாழ்க்கையை விழுங்கிவிடப் பார்க்கிறது. 1971-ல் நீங்கள் தனியாகப் போட்ட 'ஒன் இயர்' என் கணக்கில் அதற்கு ஒரு படிகூடக் குறைந்ததில்லை. கிதாரும் டிரம்ஸும் இல்லாமல், தந்திக் கருவிகளை மட்டும் சுற்றி நிறுத்திக்கொண்டு 'சே யூ டோன்'ட் மைண்ட்' பாடியிருக்கிறீர்கள். ஒரு இரவுப் பேருந்தில் காதில் மாட்டிக்கொண்டு அதைத்தான் நான் முதலில் கேட்டேன், யார் பாடுகிறார் என்றே தெரியாமல். கடைசியில் குரல் மேலே ஏறிப்போய் நிற்கும் இடத்தில் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டேன். ஜாம்பீஸ் என்ற பெயரையே நான் அதற்கப்புறம்தான் கேள்விப்பட்டேன். அந்தப் பாட்டைத் தயாரித்ததும் ராடும் கிறிஸும்தான். குழு கலைந்த பிறகும் மூன்று பேரும் ஒரு ஸ்டுடியோவில் உட்கார்ந்து இப்படி ஒன்றைச் செய்தீர்களே, இது விளம்பரத்தில் எங்கே இருக்கிறது?

இன்னொன்று, அழகில்லாத பகுதிகளை வெட்டிவிடாதீர்கள். அட்டையில் 'ஒடெஸி' தப்பான எழுத்துகளோடு இருப்பதற்கு வேண்டுமென்றே செய்த சொல்விளையாட்டு என்று முதலில் விளக்கம் சொன்னீர்கள். பிறகு ஓவியர் டெரி குவர்க் செய்த எழுத்துப் பிழைதான், திருத்த நேரமில்லை என்று ஒப்புக்கொண்டீர்கள். ஒப்புக்கொண்ட பிறகு எனக்கு அந்த அட்டை இன்னும் பிடித்துப்போயிற்று. கிறிஸோடு அறையைப் பகிர்ந்துகொண்ட நண்பர், அவசரமாக வரைந்த படம், யாருமே கவனிக்காத ஒரு எழுத்து. 'டைம் ஆஃப் தி சீசன்' பதிவில் ராட் மெட்டைத் திருத்திக்கொண்டே இருக்க, உனக்கு அவ்வளவு நன்றாகத் தெரிந்தால் நீயே வந்து பாடு என்கிற அளவுக்கு நீங்கள் சீறியதையும் நீங்களே சொல்லியிருக்கிறீர்கள். கேட்பவர்கள் எல்லோரும் சாந்தமாக இருக்கிறது என்று சொல்லும் குரல் சண்டைக்கு நடுவில் பதிவானது. இதையெல்லாம் புதுப் பதிப்புகளின் உறைக்குள்ளும் எழுதி வையுங்கள். யாருக்குப் பணம் வந்தது, யாருக்கு வரவில்லை என்பதையும் எழுதுங்கள். நீங்கள் குற்றச்சாட்டாகச் சொல்லாததால் யாரும் அதைத் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். இன்றைக்குக் குழு தொடங்கும் பையன்களுக்கு அந்த ஒரு பக்கம் உதவும்.

பெயரை வைத்த பால் அர்னால்டையும் அதில் சேர்த்துக்கொள்ளுங்கள். குழுவை விட்டு மருத்துவம் படிக்கப் போனவர், பெயர் மட்டும் உங்களோடு தங்கிவிட்டது.

கடைசியாக ஒன்று, கேட்கத் தயக்கமாகத்தான் இருக்கிறது. 2024 ஜூலையில் ராடுக்குப் பக்கவாதம் வந்து, இனி சுற்றுப்பயணம் இல்லை என்று அறிவித்தார்கள். நீங்கள் பாடுவதை நிறுத்தக் கூடாது, உடம்பு விடும்வரை பாடுங்கள். காலின் ப்ளன்ஸ்டோன் என்ற பெயரில் எந்த அரங்கில் நீங்கள் நின்றாலும் நாங்கள் கேட்போம். ராட் கீபோர்டுக்குப் பின்னால் இல்லாத மேடைக்கு மட்டும் ஜாம்பீஸ் என்று பெயர் வைக்க வேண்டாமே. இதைச் சொல்ல எனக்கு உரிமை கிடையாது. ஆனால் 2000-ல் அந்தப் பெயரை எடுக்கத் தயங்கிய அதே ஆள்தானே நீங்கள், புரிந்துகொள்வீர்கள் என்று நினைக்கிறேன்.

2019 மார்ச் 29 அன்று, 'டைம் ஆஃப் தி சீசன்' கேஷ் பாக்ஸில் முதலிடம் பிடித்து ஐம்பது வருடம் நிறைந்த அதே நாளில், நியூயார்க்கின் ப்ரூக்ளினில் உங்களுக்கு அந்த ஹால் ஆஃப் ஃபேம் கௌரவம் கிடைத்தது. 1964 கிறிஸ்துமஸுக்கு முதன்முதலாக அமெரிக்காவில் பாட வந்ததும் அதே ப்ரூக்ளினுக்குத்தான். அந்த மேடையில் நீங்கள் நால்வரும் வரிசையாக நின்றதைப் பார்த்தபோது, பதினைந்து வயதில் ஒரு சாராயக்கடை வாசலில் முதன்முதலாகச் சந்தித்த பையன்களும் இப்படித்தான் நின்றிருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டேன். கிதார் வாசிக்க வந்த உங்களைப் பாட வைத்தது ராட். நீங்கள் முணுமுணுத்த அமெரிக்கப் பாடகர் ரிக்கி நெல்சனின் பாட்டை ஓரத்திலிருந்து கேட்டுவிட்டு, நீ பாடு, நான் கீபோர்டைப் பார்த்துக்கொள்கிறேன் என்று சொன்னாராமே.

அவரைப் பார்க்கும்போது நான் விசாரித்ததாகச் சொல்லுங்கள்.

அன்புடன்,
உங்கள் ரசிகை